கூப்பர் போட்ட கையெழுத்து

(வாழ்க்கை வரலாற்றுப் பகுதி)



வாழ்க்கை வரலாறு என்றால் பெரும்பாலும் ஜெயிச்சவங்க கதையாத்தான் இருக்கும். இது கொஞ்சம் வேற மாதிரி. நாற்பது வருஷத்துக்கு மேல் நல்ல பெயரோடு உழைத்து, கடைசியில் ஒரு பாலத்தால் அந்தப் பெயரை இழந்த ஒருவரின் கதை. அவர் திருடவில்லை, லஞ்சம் வாங்கவில்லை, வேலை தெரியாதவரும் இல்லை. அப்புறம் எப்படி? படிச்சுப் பாருங்க.

அவர் பெயர் தியோடர் கூப்பர். அமெரிக்காவின் பாலப் பொறியாளர்.

இளமை

1839 ஜனவரி 12ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். ரென்சிலர் என்ற புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியில் படித்து 1858ல் பட்டம் வாங்கினார். அப்போது வயது 19. முதலில் ஒரு மலைச் சுரங்கப்பாதை வேலையில் உதவியாளராக இருந்தார். 1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பித்ததும் கடற்படையில் சேர்ந்தார். கப்பல் எஞ்சின்களோடு பழகியபடி 1872 வரை அங்கேயே இருந்தார்.

அதற்குப் பிறகு ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற பெரிய பொறியாளர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். ஈட்ஸ் அப்போது செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே எஃகு வளைவுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய பாலத்துக்கு எஃகைப் பயன்படுத்துவது அந்தக் காலத்தில் புதுசு. ஆலையில் எஃகின் தரத்தைப் பார்ப்பது, அப்புறம் ஆற்றின் மேலே பாலத்தை ஏற்றுவதை மேற்பார்வை பார்ப்பது, இரண்டும் கூப்பருக்கு வந்தது.

கூப்பர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்குகிற ஆள் இல்லை. பாலத்தின் மேலேயே கிடப்பார். ஒரு நாள் கால் தடுக்கி சுமார் 90 அடி உயரத்திலிருந்து ஆற்றில் விழுந்தார். நீந்தித் தப்பித்து மறுபடி வேலைக்கு வந்துவிட்டார்!

1874ல் பாலத்தின் எஃகுக் குழாய்கள் சில விரிந்து உடைவதைக் கூப்பர் கண்டுபிடித்தார். ஈட்ஸ் அப்போது ஊரில் இல்லை. உடனே அவருக்குத் தந்தி போனது. என்ன செய்யணும் என்று ஈட்ஸ் உடனே பதில் தந்தி அடித்தார். பாலம் தப்பித்தது. இந்தத் தந்தியை ஞாபகம் வச்சுக்குங்க. 33 வருஷம் கழித்து இன்னொரு தந்தி வரும்.

புகழ்

கூப்பர் பிறகு நியூயார்க் நகரில் சொந்த அலுவலகம் திறந்தார். ரயில் பாலம் கட்டுவதற்கான பொதுவான விதிமுறைகளைப் புத்தகமாக எழுதி 1884ல் வெளியிட்டார். ஒரு ரயில் எஞ்சின் போகும்போது பாலத்தின் மேல் எவ்வளவு பளு விழும் என்று கணக்கிட 1894ல் அவர் ஒரு முறையைக் கொடுத்தார். கூப்பர் பளு என்று அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அமெரிக்க ரயில் பாலப் பொறியாளர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அதே 1894ல் ஹட்சன் ஆற்றுப் பாலம் பற்றி ஆராய அமெரிக்க ஜனாதிபதி அமைத்த ஐந்து பொறியாளர் குழுவிலும் அவர் இருந்தார்.

ஆனால் ஒரு ஏக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. உலகமே பேசுகிற மாதிரி ஒரு மாபெரும் பாலம் அவர் பெயரில் இல்லை.

கியூபெக் பாலம்

கனடாவில் கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் செயின்ட் லாரன்ஸ் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. ஆழம் அதிகம், வேகம் அதிகம், குளிர்காலத்தில் பனிப்பாறைகள் வேறு அடித்துக்கொண்டு வரும். அதன் குறுக்கே பாலம் கட்ட 1887லேயே ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். காசுதான் இல்லை.

1899ல் அந்தக் கம்பெனி, வந்த பிளான்களைப் பார்த்துச் சொல்லும்படி கூப்பரைக் கேட்டது. அவர் பார்த்து, பீனிக்ஸ் பாலக் கம்பெனி கொடுத்த பிளான்தான் நல்லது, செலவும் குறைவு என்று சொன்னார். அது கேன்டிலீவர் பாலம். அப்படின்னா என்ன? ஆற்றில் நிற்கும் தூண் மேலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி எஃகுச் சட்டம் போகும். ஒரு கை கரைப் பக்கம் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும், இன்னொரு கை ஆற்றின் நடுவே நீளும். எதிர்க்கரையிலிருந்தும் அதே மாதிரி ஒரு கை வரும். நடுவில் ஒரு துண்டுப் பாலம் இரண்டையும் சேர்க்கும்.

முதல் பிளானில் இரண்டு தூண்களுக்கு நடுவே தூரம் 1600 அடி. 1900 மே மாதம் கூப்பர் ஒரு யோசனை சொன்னார். தூரத்தை 1800 அடியாக்கினால் தூண்களைக் கரையோரமாக, ஆழம் குறைந்த இடத்தில் கட்டலாம். பனிக்கட்டி இடிக்காது, வேலையும் சீக்கிரம் முடியும். நியாயமான காரணம்தான். கூடவே இன்னொன்றும் உண்டு. அப்போது உலகிலேயே நீளமான கேன்டிலீவர் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலம். அதன் நீளம் 1710 அடி. 1800 அடி என்றால் கியூபெக் பாலம் முதலிடம் பிடித்துவிடும்!

கம்பெனி ஒத்துக்கொண்டது. கட்டி முடிக்கும்வரை கூப்பர்தான் ஆலோசனைப் பொறியாளர் என்றும் முடிவானது. அவருக்கு அப்போது வயது 61.

எங்கே தவறு நடந்தது?

இந்த இடத்தை நிதானமாப் படிங்க. கதையின் உயிரே இங்கேதான் இருக்கு.

ஒரு பாலம் முதலில் எதைத் தாங்கணும்? ரயிலை என்று நினைப்போம். பெரிய பாலத்தில் அது இரண்டாவதுதான். முதலில் பாலம் தன் எடையையே தாங்கணும். ஆனால் தன் எடை எவ்வளவு என்று கட்டுவதற்கு முன்னால் எப்படித் தெரியும்? அதனால் பொறியாளர்கள் இப்படிச் செய்வார்கள்:

1. முதலில் பாலத்தின் எடையை உத்தேசமாக வைத்துக்கொள்வார்கள்.

2. அந்த எடையைத் தாங்க ஒவ்வொரு எஃகுத் தண்டும் எவ்வளவு தடிமன் இருக்கணும் என்று கணக்கிடுவார்கள்.

3. அந்தத் தண்டுகளையெல்லாம் கூட்டி, உண்மையில் எவ்வளவு எடை வருது என்று பார்ப்பார்கள்.

4. வந்த எடையும் வைத்துக்கொண்ட எடையும் ஒத்துப்போகலைன்னா, மறுபடி முதலிலிருந்து.

1600 அடிப் பாலத்துக்கு ஒரு எடையை வைத்திருந்தார்கள். பாலம் 1800 அடியானதும் என்ன செய்திருக்கணும்? நீளம் கூடினால் எஃகு கூடும். எஃகு கூடினால் எடை கூடும். அதைத் தாங்க இன்னும் எஃகு வேணும். ஆகவே எடைக் கணக்கைப் புதுசாப் போட்டிருக்கணும். போடலை! படம் 1800 அடிக்கு மாறியது, எடை 1600 அடிக்கு உரியதாகவே நின்றுவிட்டது. புதுப் பிளானும் பழைய கணக்கும் ஒரே கட்டில் கிடந்தன.

சரி, மூன்று வருஷம் இருந்ததே, யாரும் பார்க்கலையா? 1900லிருந்து 1903 வரை கம்பெனியிடம் பணம் இல்லை. அதனால் விரிவான வடிவமைப்பு வேலை நகரவே இல்லை. 1903ல் கனடா அரசு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்ததும் எல்லாம் ஒரே அவசரம். 1908ல் கியூபெக் நகரத்துக்கு 300 வயது, அந்த விழாவுக்குள் பாலம் முடிஞ்சாகணும் என்று விரட்டினார்கள்.

இதோடு கூப்பர் விதிமுறையிலும் ஒரு மாற்றம் செய்திருந்தார். எஃகின் மேல் வழக்கத்தைவிட அதிக பளு ஏற்றலாம் என்று எல்லையை உயர்த்தியிருந்தார். அதாவது ஆபத்துக்கு என்று வைக்கிற இடைவெளி முன்னாடியே குறைஞ்சு போயிருந்தது.

சரிபார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள்

கனடா அரசின் ரயில்வே துறையில் ராபர்ட் டக்ளஸ் என்ற பொறியாளர் இருந்தார். கூப்பரின் புது விதிமுறைகளைப் படித்துவிட்டு, எஃகுக்கு இவ்வளவு பளு கொடுப்பது அதிகம் என்று எழுதினார். துறையின் தலைமைப் பொறியாளர், அரசின் சார்பில் ஒரு நல்ல பொறியாளரை வைத்து பிளான்களைத் தனியாகச் சரிபார்க்கலாம் என்று யோசனை சொன்னார்.

கூப்பருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் வேலையை இன்னொருத்தர் திருத்துவதா? நேராக ஒட்டாவா நகருக்குப் போய் அதிகாரிகளிடம் பேசினார். 1903 ஆகஸ்டில் அரசு இறங்கி வந்தது. வரைபடங்கள் அரசுக்கும் வரும், ஆனால் கூப்பர் சொல்வதே முடிவு என்று ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்க. பீனிக்ஸ் கம்பெனியில் பாலத்தை வடிவமைத்தவர் பீட்டர் ஸ்லாப்கா. கூப்பர் எப்படியும் பார்ப்பார் என்று அவர் நினைத்தார். ஸ்லாப்கா போட்ட கணக்கு சரியாத்தான் இருக்கும் என்று கூப்பர் நம்பினார். கூப்பரே கையெழுத்துப் போட்டாச்சு, நாம என்ன பார்க்கிறது என்று அரசு விட்டுவிட்டது. எல்லோரும் அடுத்தவர் கையெழுத்தைத்தான் பார்த்தார்கள். அந்தக் கையெழுத்து 1600 அடி எடைக்கா, 1800 அடி எடைக்கா என்று யாரும் கேட்கவில்லை.

கூப்பருக்கு உடம்பும் சரியில்லை. நியூயார்க்கை விட்டு அதிகம் வெளியே போகமாட்டார். 1903 மே மாதத்துக்குப் பிறகு அவர் கியூபெக் பக்கம் போகவே இல்லை. எஃகு ஏற ஆரம்பித்தது 1905ல். அதாவது, உலகின் மிக நீளமான பாலம் எழும்புவதை அதன் பொறியாளர் ஒரு நாள்கூட நேரில் பார்க்கவில்லை. 90 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பாலத்தை விடாத அதே கூப்பர்தான்!

உண்மை வெளிவந்தது, ஆனால்...

1906 பிப்ரவரியில் ஆலையில் எஃகைச் சோதித்துவந்த ஆய்வாளரிடமிருந்து கூப்பருக்குத் தகவல் வந்தது. அனுப்பிய எஃகின் எடை கணக்கில் உள்ளதைவிட அதிகமாக இருக்கிறது! கணக்கில் இருந்தது 6 கோடியே 20 லட்சம் பவுண்டு. உண்மையில் வரப்போவது 7 கோடியே 30 லட்சம் பவுண்டு. வித்தியாசம் சுமார் 5000 டன். பத்து டன் ஏற்றும் லாரி என்றால் 500 லாரிச் சுமை!

கூப்பர் கணக்குப் போட்டார். தண்டுகளின் மேல் பளு 7 முதல் 10 சதவீதம் வரை கூடும் என்று வந்தது. அதற்குள் பெரும்பகுதி எஃகு தயாராகிவிட்டது, ஆற்றின் மேலேயும் ஏறிக்கொண்டிருந்தது. மாற்றணும்னா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கணும். பரவாயில்லை, தாங்கும் என்று முடிவு செய்து வேலையைத் தொடரச் சொன்னார்.

1900ல் ஒரு மேஜை, ஒரு பேனா, சில வாரம் போதும், கணக்கைத் திருத்தியிருக்கலாம். 1906ல் அதற்கு ஒரு பாலத்தின் விலை. தவறு ஒன்றுதான், கண்டுபிடிக்கும் நாள் தள்ளிப்போகப் போக விலை ஏறிக்கொண்டே போகிறது.

1907 ஆகஸ்ட்

அந்தக் கோடையில் பாலமே பேச ஆரம்பித்தது. பாலத்தின் அடிப்பக்கம் ஓடும் பெரிய எஃகுத் தண்டுகள் அழுத்தத்தால் வளைவது தெரிந்தது. கூப்பரின் ஆளாக அங்கே இருந்தவர் நார்மன் மக்லூர் என்ற இளம் பொறியாளர். அவர் அளந்து அளந்து கடிதம் எழுதினார். தண்டுகள் ஆலையிலிருந்து வரும்போதே வளைந்திருக்கும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். கடிதம் போவதும் வருவதுமாக மூன்று வாரம் போனது.

ஆகஸ்ட் 27ல் ஒரு தண்டை அளந்தபோது வளைவு இரண்டே கால் அங்குலம். கொஞ்ச நாள் முன்னால் அது முக்கால் அங்குலமாக இருந்தது. ஆலையில் வளைந்தது என்றால் இப்போது எப்படிக் கூடும்? வேலை நிறுத்தப்பட்டிருக்கிறது என்று மக்லூர் கூப்பருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் மறுநாள் மனசு மாறி வேலையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடிதமும் பழசாகிப் போனது.

மக்லூர் ரயில் ஏறி ஆகஸ்ட் 29 காலை நியூயார்க்கில் கூப்பரின் அலுவலகம் வந்தார். கூப்பருக்கு ஆபத்து உடனே புரிந்தது. நண்பகல் தாண்டி 12:16க்கு பீனிக்ஸ் கம்பெனிக்குத் தந்தி அடித்தார். நன்றாக யோசித்து முடிவு செய்யும்வரை பாலத்தில் மேற்கொண்டு எந்தப் பளுவும் ஏற்றக் கூடாது என்பது செய்தி. தந்தி போனது பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு. கியூபெக்குக்குத் தந்தி அடிக்கும் வேலை மக்லூருடையது, அது நடக்கவே இல்லை. பென்சில்வேனியாவில் தந்தியைப் பார்த்தவர்கள் மாலையில் கூடிப் பேசினார்கள். நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

மாலை 5:37. பாலத்தின் தெற்குப் பகுதி முழுக்க, 19,000 டன் எஃகு, சுமார் 15 வினாடியில் ஆற்றில் விழுந்தது. அன்றைய வேலை முடியும் நேரம். பாலத்தின் மேல் 86 பேர் இருந்தார்கள். 75 பேர் இறந்தார்கள். எஃகின் அடியில் சிக்கிய சிலர் உயிரோடு இருந்தும், இரவில் ஆற்று நீர் ஏறியபோது மூழ்கிப்போனார்கள். அருகில் நின்றவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இறந்தவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி மக்கள். உயரத்தில் பயமில்லாமல் ரிவெட் அடிக்கும் கெட்டிக்காரர்கள். ஒரே சின்ன ஊரில் ஒரே நாளில் 33 சாவு. இனிமேல் ஊர் ஆண்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று அந்த ஊர்ப் பெண்கள் கட்டுப்பாடு வைத்ததாகச் சொல்வார்கள்.

விசாரணை

கனடா அரசு மூன்று பொறியாளர்கள் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. 1908ல் அறிக்கை வந்தது. அடித்தண்டுகளும் அவற்றை இணைத்த குறுக்குச் சட்டங்களும் பலம் போதாமல் வடிவமைக்கப்பட்டிருந்ததே பாலம் விழக் காரணம், அது ஸ்லாப்காவும் கூப்பரும் செய்த தவறான தீர்மானம் என்று குழு சொன்னது. நீளத்தை மாற்றிய பிறகும் எடைக் கணக்கைத் திருத்தாமல் விட்டதைப் பெரிய பிழை என்று தனியாகக் குறிப்பிட்டது. அந்த ஒரு பிழைக்காகவே இந்தப் பாலத்தை ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது என்பது குழுவின் கருத்து.

கூப்பர் தொழிலிலிருந்து விலகி வீட்டோடு இருந்துவிட்டார்.

கடைசி நாட்கள்

பாலத்தை அரசே கையில் எடுத்தது. இந்தத் தடவை ஒரே ஆள் முடிவு செய்யவில்லை. பொறியாளர் குழு ஒன்று வடிவமைப்பைப் பார்த்தது. பாலம் முன்னதைவிட மிகவும் கனமாக, தடித்த தண்டுகளோடு வந்தது. 1916ல் நடுத்துண்டைத் தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து மறுபடி உயிர்கள் போயின. விடாமல் வேலை செய்து 1917ல் முடித்தார்கள். நீளம் அதே 1800 அடி, அதாவது 549 மீட்டர். நம்ம கொல்கத்தாவின் ஹவுரா பாலமும் கேன்டிலீவர்தான், அது 457 மீட்டர். கியூபெக் பாலத்தை மிஞ்சிய கேன்டிலீவர் இன்றுவரை உலகில் இல்லை.

1919 ஆகஸ்ட் 22ஆம் தேதி இங்கிலாந்து இளவரசர் வந்து பாலத்தை முறைப்படி திறந்துவைத்தார். இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 24ஆம் தேதி, நியூயார்க்கில் தியோடர் கூப்பர் காலமானார். வயது 80. அவர் கனவு கண்ட நீளத்தில் பாலம் நின்றது, ஆனால் அதில் அவர் கையெழுத்து இல்லை.

நமக்கு என்ன?

இன்றைக்கு நல்ல தொழிற்சாலைகளில் எந்த வரைபடத்தை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வரைபட எண், எத்தனையாவது திருத்தம், என்ன மாற்றினார்கள், தேதி, பார்த்தவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். சும்மா அலங்காரத்துக்கு இல்லை. மூன்றாவது திருத்தத்துக்குப் போட்ட கையெழுத்து நான்காவதுக்குச் செல்லாது. பிளான் மாறினால் சரிபார்ப்பும் மறுபடி நடக்கணும். மாறினது ஒரு எண்தானே என்று விடக் கூடாது. அந்த எண்ணைத் தொட்டு நிற்கிற எல்லாக் கணக்கையும் தேடிப் பிடிக்கணும்.

பைக், மருந்து, கம்ப்யூட்டர் புரோகிராம், ராக்கெட், எதுவானாலும் இதே விதிதான். அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்கிற நமக்கும் இதே விதிதான். டீச்சர் பார்த்து ஓகே சொன்ன பிறகு அளவை மாற்றினால், அந்த ஓகே பழைய மாடலுக்குச் சொன்னது. புது மாடலை மறுபடி கொண்டுபோய்க் காட்டணும்.

இன்னொன்று. நம்ம வேலையை வேறொருத்தர் பார்க்க வந்தால் கோபப்படக் கூடாது. 1903ல் கூப்பர் அந்த ஒருவரை உள்ளே விட்டிருந்தால், அந்த 75 பேரின் குடும்பங்களுக்கு அந்த ஆகஸ்ட் மாலை சாதாரண மாலையாகவே போயிருக்கலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

★ கனடாவில் பொறியியல் படித்து முடிப்பவர்கள் 1925லிருந்து ஒரு உறுதிமொழிச் சடங்கில் சுண்டுவிரலில் மோதிரம் அணிகிறார்கள். உடைந்த கியூபெக் பாலத்தின் இரும்பில் முதல் மோதிரங்கள் செய்யப்பட்டதாக ஒரு பேச்சு உண்டு. அது வெறும் கதைதான், ஆனால் அந்தப் பாலத்தை அங்கே யாரும் மறக்கவில்லை என்பது உண்மை.

★ கானவாகே ஊரில் இறந்தவர்களின் கல்லறைகளில் எஃகுச் சட்டத்தால் செய்த சிலுவைகளை நட்டார்கள்.

யோசித்துப் பதில் சொல்லுங்க

1. 1600 அடிப் பாலத்தை 1800 அடியாக்கினால் நீளம் எத்தனை சதவீதம் கூடுகிறது? 6 கோடியே 20 லட்சம் பவுண்டு 7 கோடியே 30 லட்சமானால் எடை எத்தனை சதவீதம் கூடுகிறது? எது அதிகம்? ஏன்?

2. 1906ல் கூப்பரின் நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பதிலை ஒரு தாளில் எழுதி, கீழே தேதி போட்டு, ஏட்டுப் பொறுப்பு மாணவர்களிடம் கொடுங்க. பதிலை மாற்றினால் தேதியையும் மாற்றிப் போடுங்க!